பார்க்காமல் அடிக்கிறவள்

அந்தப் பையைக் கீழே வைக்காதே அம்மிணி. யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள் பார். மடியிலேயே வைத்துக்கொள். லேப்டாப்தானே உள்ளே? பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் எனக்கு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபித்துக்கொண்டு வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழனிக்குப் போகிறேன், மகன் பேருக்கு ஒரு அர்ச்சனை. அப்புறம் திரும்பி வந்து உடுமலையில் மகள் வீட்டில் கொஞ்ச நாள். "அக்கா வீட்ல போயி கொஞ்ச நாள் இரும்மா" என்று மகன்தான் சொன்னான். பாவம், அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைத்திருக்கிறான். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படி நினைக்கிறது சொல்லு.

நீ உடுமலையா? நல்லது. அதுவரைக்கும் பேச்சுத்துணை.

எங்களுக்குக் கோயமுத்தூர், கணபதி. எங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் இருந்தவரை ஆயுத பூஜை என்றால் எங்கள் பட்டறையில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மிஷினையும் எண்ணெய் போகத் துடைத்து, நான் என் கையால் சந்தனம் குழைத்து, ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைப்பேன். ஒரு போல்ட்டைக்கூட விட மாட்டேன். அதனால்தான் அந்தப் பட்டறையில் ஒருத்தர் விரல்கூட நசுங்கியது இல்லை. நான் சொல்லிக்காட்டவில்லை. முருகன் செய்தது. ஆனாலும் பொட்டு வைத்தது நான்தானே.

இப்போது பட்டறை இல்லை. வீட்டில் ஆயுதம் என்று சொல்ல அரிவாள்மணை இருக்கிறது, மிக்சி இருக்கிறது, மருமகளின் ஸ்கூட்டி இருக்கிறது, அப்புறம் அவளுடைய லேப்டாப். மருமகள் பேர் இந்துமதி. அமெரிக்காவில் டாக்டர்கள் பேசியதை எல்லாம் இவள் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே டைப் அடித்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் பட்டனைப் பார்ப்பதே கிடையாது. கண் எங்கேயோ இருக்கும், கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடிப்பாள். செய்கிற வேலையில் ஒரு கவனம் வேண்டாமா? என் மகன் லோகு அப்படி இல்லை. லோகநாதன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பார்த்து, யோசித்து, ஒற்றை விரலால் அழுத்துவான். பொறுப்பு. அவங்கப்பா கண் லேத்தில் நிற்கிற மாதிரியே நிற்கும் அவன் கண்.

அவனுக்குத்தான் மழைக்காலத்திலிருந்து வேலை இல்லை. கம்பெனியில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். கொடுத்திருந்த லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார்கள். ஊரெல்லாம் எழுதிப் போட்டு, கடைசியில் ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தபடி லேப்டாப்பிலேயே எழுத வேண்டும். அதில் தேறினால் வேலை. நான் வைக்காத வேண்டுதல் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் ஆயுத பூஜை. இவர்கள் இரண்டு பேரும் ஈரோட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். போகும்போது இந்துமதி என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, லேப்டாப்புக்குப் பொட்டு வேண்டாங்க. மூடி மேல ஒரு பூ வெச்சாப் போதும்." சரி என்றேன். நான் யார் பேச்சையும் மீறுகிறவள் இல்லை. அதே மாதிரி மூடி மேல் பூ வைத்தேன்.

அப்புறம் நினைத்துப் பார்த்தேன். மூடி என்ன வேலை செய்கிறது? உள்ளே இருக்கிற பட்டன்தானே வேலை செய்கிறது? லேத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தால், தார்ப்பாய்க்கா பொட்டு வைப்போம்? திறந்தேன். பன்னீர் விட்டு நல்லாக் குழைத்த சந்தனம். திங்கட்கிழமை எந்த எழுத்து வந்து என் பையனுக்குக் கை கொடுக்குமோ, யாருக்குத் தெரியும்? அதனால் ஒன்றைக்கூட விடவில்லை. எழுத்துக்கு ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது அம்மிணி. கண் நிறைந்துவிட்டது எனக்கு.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு வேலையாவது தொடங்க வேண்டும் இல்லையா? லோகு சார்பில் நானே ஒரு எழுத்து அடிக்கலாம் என்று எல் எழுத்தை அழுத்தினேன். உள்ளே போன பட்டன் வெளியே வரவே இல்லை. பக்கத்தில் இருந்ததை அழுத்தினேன். அதுவும் போனது போனதுதான். சந்தனம் கீழே இறங்கிக் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்துவிட்டது.

முருகா!

சரி, அழுதால் பட்டன் எழுந்துவிடுமா? போனில் தேடினேன். ஒரு பையன் லேப்டாப் பட்டனைக் கழற்றிச் சுத்தம் செய்கிற வீடியோ வந்தது. இந்தியில் பேசினான். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. ஒரு ஓரத்தில் மெல்லிசாக எதையோ விட்டு நெம்பினால் டப்பென்று வருகிறது. என்னிடம் ஹேர்பின் இருந்தது. விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த வேலை இருக்கிறதே, என் விரோதிக்கும் வேண்டாம். முதல் பட்டன் தெறித்துப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளையாக, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடங்குகிற ஒரு கொக்கி. ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது. அது உடைந்தால் போச்சு. ஒரு பட்டனுக்கு ஒரு முருகா. நெம்புவேன், முருகா. வராது. இந்தப் பக்கம் நெம்புவேன், முருகா. கண்ணாடியைப் போட்டால் கிட்டத்தில் மங்கல், கழற்றினால் எல்லாமே மங்கல். கழுத்து ஒடிந்துவிட்டது. பெரிய பட்டன்களைத் தொடவில்லை, எழுத்தை மட்டும்தான் கழற்றினேன்.

உள்ளே பார்த்தால் அசிங்கம். மிக்சர் தூள், ஓமப்பொடி, ஒரு முழு வேர்க்கடலைத் தோல். அவள் மிக்சர் சாப்பிட மாட்டாள், வயிற்றுக்கு ஆகாது. லோகுதான் ராத்திரி கிரிக்கெட் பார்க்கும்போது கொறிப்பான். ஆனாலும் அது அவளுடைய பொருள்தானே? அவள்தானே சுத்தமாக வைத்திருக்க வேண்டும்?

காது குடைகிற பஞ்சுக் குச்சியால் உள்ளே எல்லாம் துடைத்தேன். பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, தாம்பாளத்தில் துணி விரித்துக் காய வைத்தேன். எல்லாம் பளபளவென்று, புதுசு மாதிரி.

இப்போது மாட்ட வேண்டும். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. கழற்றும்போதே பார்த்தேன், எழுத்து எல்லாம் கன்னாபின்னாவென்று இருந்தது. மேல் வரிசையில் முதலில் க்யூ, அப்புறம் டபிள்யூ. ஏ எங்கேயோ நடுவில். யாரோ முன்னால் கழற்றி அவசரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை பார். நான் ஒன்பதாவது வரை படித்தவள். வரிசை எனக்குத் தெரியாதா? ஏ, பி, சி, டி என்று மேலிருந்து ஒழுங்காக மாட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்த, டிக், டிக் என்று உட்கார்ந்தது. கடைசி இசட் உட்கார்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். கன கச்சிதம். ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

நீ ஏன் வாயைப் பொத்திக்கொள்கிறாய்?

அவளும் இப்படித்தான் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தார்கள். களைப்பு, படுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விடிகாலையில் இந்துமதி எழுந்து வேலைக்கு உட்கார்ந்தாள். லோகுவுக்கு லேப்டாப்பைக் கொடுக்க வேண்டும் என்பதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்றாள். லைட்கூடப் போடவில்லை, அவன் தூக்கம் கெடும் என்று. நான் காப்பி கொண்டுபோய் நிற்கிறேன். பட்டன் மேல் விரலை வைத்தாள், தடவித் தடவிப் பார்த்தாள்.

"அத்தை, விரலுக்கு அடையாளமா இங்க ஒரு சின்ன மேடு இருக்குமே, எங்கீங்க?"

என்ன மேடு என்று எனக்கு என்ன தெரியும்? லைட்டைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். இரண்டு நாள் கழுத்து ஒடிய வேலை செய்திருக்கிறேன். சிரிக்கிறாள்.

"யாருங்க அத்தை மாட்டுனது? நீங்களேவா? தனியாவா?"

"பின்னே, ஆள் வெச்சா மாட்டுனேன்?"

"ஒரு கொக்கிகூட உடையலியே! கடைக்காரனே நாலு உடைப்பான்." அப்புறம் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் அடிச்சுருவேன். அவருக்குத்தான் பத்து மணிக்குள்ள மாத்தணும்."

காதில் மாட்டிக்கொண்டு அடித்தாள். எப்போதும் போலவே தடதடவென்று. நான் அங்கேயேதான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலையை முடித்து அனுப்பியும் விட்டாள். அப்படி என்றால் நான் மாட்டியதில் என்ன குறை? நீயே சொல்லு.

வேலை முடிந்ததும் என் ஹேர்பின்னை எடுத்துக்கொண்டு வந்து நெம்ப ஆரம்பித்தாள். மணி பார்க்கிறேன், ஏழரை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம்.

"வேண்டாம் கண்ணு, ஒன்பது ஆகட்டும்."

"பட்டன் கழட்டறதுக்குக்கூடவா அத்தை?"

"சும்மா பட்டனா? அவன் வேலைக்கான காரியம் இது."

"நேரம் ஆயிருமுங்க. இல்லாட்டி அவரையாவது எழுப்புங்க. ஃப்ரெண்டு வீட்ல தனிக் கீபோர்டு கிடக்குது, போயி வாங்கிட்டு வரட்டும்."

பரீட்சைக்குப் போகிற பிள்ளையை யாராவது தூக்கத்தில் எழுப்புவார்களா? ராத்திரி முழுக்கப் புரண்டிருப்பான் பாவம். நான் குரலை உயர்த்தவே இல்லை. லேப்டாப்பை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டுபோய்ப் பூஜை அறையில் முருகன் முன்னால் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் இட்லி ஊற்றப் போய்விட்டாள்.

ஒன்பது அடித்தும், பூஜையை முடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நான் கதவைத் திறக்கவில்லை. ஒன்பதே காலுக்கு அவனே எழுந்தான். குளித்தான். நேராகப் பூஜை அறைக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். ஒன்பதரைக்கே கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டுமாம். இந்துமதி கரண்டியோடு ஓடினாள். "இருங்க, ஒரு நிமிஷம், அதுல எழுத்து..." என்றாள். "இப்ப வந்து நோண்டாத இந்து!" என்று விட்டான். பதற்றத்தில் பிள்ளை அப்படித்தான் பேசும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம். "என்னடா இது, பாஸ்வேர்டே எடுக்க மாட்டீங்குது!" மறுபடியும் அடித்தான். மறுபடியும். இன்னொரு தடவை தப்பாகப் போனால் பூட்டிக்கொள்ளும் என்று வந்ததாம். இந்துமதி உள்ளே போய், நின்றபடியே, அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி டபடபவென்று அடித்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு அடித்தாள் அம்மிணி! திறந்துவிட்டது.

"பட்டனைப் பாக்காதீங்க. விரல் போற போக்குல அடிங்க, வரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம்.

பத்து மணிக்குப் பரீட்சை தொடங்கியதும் நான் முருகன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடினேன். குக்கர் மூன்றாவது விசில் வரவில்லை, கதவு திறந்துவிட்டது.

"முடியல" என்றான். "ஒரு வரி அடிக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிருச்சு. மூடிட்டேன்."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னான். "நீ எழுத்தை மட்டுமா மாத்துன? என் தலையெழுத்தையே மாத்தி மாட்டிட்டம்மா."

பெற்ற பிள்ளை. ஆற்றாமையில் ஒரு வார்த்தை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தியமாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானை ஈரமானது குக்கர் ஆவியில்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் அதற்கப்புறம் இவள் பேசியதில்தான். இவளை யார் கேட்டது? எங்களுக்கு நடுவில் வந்து நிற்கிறாள்.

"அவங்க மேல என்னத்துக்குப் போடறீங்க? அவங்க மாத்துனது பட்டன் மேல இருக்கற மூடியைத்தான். அடியில எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்குது. இத்தனை வருசமா கம்ப்யூட்டர் வேலை பாத்த விரலுக்கு அது தெரியாதா? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருந்துச்சே, எதுக்கு மூடுனீங்க?"

கேட்டாயா? புருஷனை, அதுவும் மனசு உடைந்து நிற்கிற நேரத்தில், என் முன்னாலேயே. என் பையன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "நீ பேசாதே இந்து, எனக்காக யாரும் பேச வேண்டாம்" என்று சொன்னேன். அதற்கும் அவள் கோபப்படவில்லை. இட்லியை எடுத்துத் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க அத்தை, காலையிலிருந்து காப்பியோட நிக்கறீங்க" என்கிறாள். இந்த மாதிரி ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு பிடி கிடைக்காது.

சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு அவளே எழுதினாள், கீபோர்டு பழுது, இன்னொரு நாள் கொடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை. அதற்காகத்தான் நான் பழனி போவது. ஆனால் எழுதினவள் சும்மா இருந்தாளா? நான் மாட்டிய அத்தனையையும் கழற்றி மறுபடியும் கன்னாபின்னாவென்று மாட்டிவிட்டாள். கேட்டால், உலகம் முழுக்க அப்படித்தானாம். க்யூ முதலில் வருமாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

அன்றைக்கு ராத்திரிதான் லோகு என்னை அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னான். இன்றைக்குக் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குத் தெம்பு வேண்டும், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்துமதிதான் ஸ்கூட்டியில் உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து, ஜன்னல் சீட்டாகப் பார்த்து ஏற்றிவிட்டாள். இதோ இந்தத் தயிர்சாதம் அவள் கட்டியதுதான். உப்புக் கம்மியாகத்தான் இருக்கும். என் பிரஷருக்காம். "சீக்கிரம் வந்துருங்க அத்தை, எனக்கு வீட்ல பேச ஆள் வேண்டாமா" என்றாள். வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், பஸ் திரும்புகிற வரைக்கும். பெர்மிஷன் போட்டாளாம். பொறுப்பு இருக்கிறவள் செய்வாளா?

அம்மிணி, ஒன்று கேட்கட்டுமா? உன் லேப்டாப்பைக் கொஞ்சம் திறந்து காட்டேன். சும்மா பார்க்கத்தான். தொட மாட்டேன்.

க்யூ. டபிள்யூ. ஈ. ஆர்...

உனக்குமா?

இதை யாரும் கழற்றவில்லையா? வாங்கும்போதே இப்படியா? சரி. சரி. ஒரே ஒரு காரியம் செய். கண்ணை மூடிக்கொள். நன்றாக மூடு, இடுக்கு வழியாகப் பார்க்காதே. என் மகன் பேரை அடி. லோகநாதன். இங்கிலீஷிலேயே அடி, நான் படித்துக்கொள்வேன்.

எல். ஓ. ஜி. ஏ. என்... ஏ... டி, எச்... ஏ. என்.

...

போதும், கண்ணைத் திற. மூடி வைத்துவிடு, பஸ் குலுங்குகிறது, கீழே விழுந்துவிடப் போகிறது. உன்னுடையது வேறு கம்பெனி மிஷின் போலிருக்கிறது. அதனால்தான் வருகிறது.

எவ்வளவு வருஷமாக அடிக்கிறாய்? இரண்டே வருஷமா?

லோகு ஒன்பது வருஷமாக அடிக்கிறான்.

மில் கட்டடம் தெரிகிறது. உடுமலை வந்துவிட்டதா? இறங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி செய்துவிட்டுப் போ. இந்தா என் போன். இந்துமதி என்று இருக்கும் பார், அவளுக்கு ஒரு மெசேஜ் போடு. அவள் நட்சத்திரம் என்ன என்று கேள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது சொன்னார்கள், என் பையன் நட்சத்திரம் நின்ற அளவுக்கு அது மனசில் நிற்கவில்லை. இத்தனை நாள் அர்ச்சனை செய்திருக்கிறேன், அவள் பேருக்கு என்று தனியாகக் கேட்டதில்லை. வீட்டுக்காரன் பேருக்குச் செய்தால் அவளுக்கும் சேர்த்துத்தானே என்று இருந்துவிட்டேன். இப்போது அவன் பரீட்சையே அவள் லேப்டாப்பில் அல்லவா எழுத வேண்டும்? அதற்காகத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

இரு இரு, நான் கேட்டேன் என்று போடாதே. கோயிலில் கேட்கிறார்கள் என்று போடு.

போட்டாயா? அதற்குள் பதில் வந்துவிட்டதா? பார்த்தாயா, வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

என்ன போட்டிருக்கிறாள், படி.

சுவாதி. சரி, சுவாதி. அதற்குக் கீழே ஏதோ இருக்கிறதே, அது என்ன? "தயிர்சாதம் சாப்பிட்டீங்களா அத்தை" என்றா கேட்டிருக்கிறாள்?

பஸ் நிற்கட்டும், அவசரப்படாதே. கண்ணாடியைப் பையில் போட்டுவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு இறங்கு அம்மிணி.